பெடல் கயாக் வாங்கப் போறீங்களா? பணம் குடுக்கறதுக்கு முன்னாடி இதப் படிச்சிடுங்க

புதுசுன்னு சொல்லி, பில்லும் புதுசுன்னே போட்டு, வாடகைக்கு விட்டு ஓஞ்சுபோன ஒரு பெடல் கயாக்க என் தலையில கட்டிட்டாங்க. கடை பேர இங்க போடல, பேங்க்ல டிஸ்ப்யூட் ஓடிட்டு இருக்கு, அது முடியற வரைக்கும் பேர் வேணாம்னு இருக்கேன். ஆனா எப்படி ஏமாத்துனாங்கன்றத சொல்லியே ஆகணும், ஏன்னா இதே வேலைய எந்த கடையிலயும் செய்யலாம், அதுவும் முதல் தடவையா பெடல் கயாக்ல மீன் பிடிக்கணும்னு ஆசையா வர்ற ஆளுங்ககிட்ட ரொம்ப ஈஸியா செய்யலாம்.

பெடல் கயாக்ல என்ன விசேஷம்னு தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். கயாக்னா சின்ன ஒடுக்கமான படகு, பெடல் கயாக்னா அது கால்ல மிதிச்சா போகும், கை ரெண்டும் ஃப்ரீ, காத்து அடிக்கும்போது கூட ஒரே இடத்துல நின்னுகிட்டு தூண்டில் போடலாம். மிதிக்கறத வச்சு படக ஓட்டற பாகத்துக்கு டிரைவ்னு பேரு, அது ரெண்டு வகை. ஒண்ணு ஃபின் வகை, அடியில ரெண்டு துடுப்பு மாதிரி இறக்கை இப்படி அப்படி அசையும், 1997-ல ஹோபி கம்பெனி மிராஜ் டிரைவ்னு கொண்டுவந்தது இதத்தான். இன்னொண்ணு ப்ரொப்பல்லர் வகை, சைக்கிள் மாதிரியே சுத்தி மிதிக்கணும், உள்ள கியர் இருக்கும், பின்னாடி மிதிச்சா உடனே ரிவர்ஸ் போகும். பாசி அடர்ந்த, ஆழம் கம்மியான தண்ணினா ஃபின் நல்லது, ஒரு பெடல முன்னாடி தள்ளி விட்டா இறக்கை ரெண்டும் அடிப்பக்கத்தோட ஒட்டிக்கும், தட்டாம போயிடலாம். ப்ரொப்பல்லர்ல பாசி சுத்திக்கும், கீழ ஒரு ஒன்றரை அடியாவது தண்ணி வேணும்.

நான் மீன் பிடிக்கற ஏரியில கரையோரம் பூரா பாசி. அத முதல்லயே சொல்லித்தான் கேட்டேன். "சார், இந்த ப்ரொப்பல்லர் பாசிய வெட்டிட்டு போயிடும் சார், கவலையே படாதீங்க"ன்னாரு கடைக்காரர். அவர்கிட்ட ஸ்டாக் இருந்தது அந்த ஒண்ணுதான், அதனாலதான் அந்த பதில்னு இப்போ புரியுது. சரி தண்ணில ஒரு தடவ விட்டு பாக்கலாமான்னு கேட்டேன். "புதுப் பொருள் சார், தண்ணில இறக்கிட்டா அது யூஸ்டு ஆயிடும், அப்புறம் நீங்க வேணாம்னா நான் யாருக்கு விக்கறது?"ன்னாரு. கேக்க நியாயமாத்தான் இருக்கும். இந்த ஒரு வரிய மட்டும் நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க. தண்ணில இறக்க விடாத கடையில பெடல் கயாக் வாங்கவே வாங்காதீங்க, நல்ல கடைங்க இதுக்குன்னே ஒரு டெமோ கயாக் வச்சிருப்பாங்க, இல்ல டெலிவரிய தண்ணி ஓரத்துலயே வச்சுக்கலாம்னு அவங்களே சொல்லுவாங்க.

முதல் நாள்லயே மிதிக்கும்போது வலது கால் கீழ போறப்பலாம் ஒரு டக் சத்தம். போன் பண்ணேன். "புது கியர் சார், செட் ஆக கொஞ்ச நாள் ஆகும்." கொஞ்ச நாள் ஆச்சு, சத்தம் குறையல, கூடுச்சு. மறுபடி போன். "கிரீஸ் காய்ஞ்சிருக்கும், ஓட்ட ஓட்ட சரியாயிடும்." காய்ஞ்ச கிரீஸ் ஓட்ட ஓட்ட எப்படிங்க சரியாகும்?

அப்புறம் ஒரு நாள் கரைய விட்டு நல்லா தள்ளி இருக்கும்போது எதிர்காத்து புடிச்சுது. திரும்பிடலாம்னு அழுத்தி மிதிச்சேன், டமார்னு ஒரு சத்தம், அதுக்கப்புறம் பெடல் காத்துல சுத்தற மாதிரி லேசா சுத்துது, ப்ரொப்பல்லர் அசையவே இல்ல. தனியா வாங்கி வச்சிருந்த துடுப்பு இருந்துச்சு, எடுத்து போட ஆரம்பிச்சேன். அப்பதான் கவனிச்சேன், கயாக் பின்பக்கம் தாழ்ந்து கெடக்கு, நான் லேசா இடது பக்கம் சாஞ்சா அதுவும் கூடவே சாயுது, நிமிர மாட்டேங்குது. உள்ள தண்ணி. ஹல்லுக்குள்ள, அதாவது கயாக்கோட உடம்புக்குள்ள, தண்ணி போயிட்டா அது எந்த பக்கம் சாய்வோ அந்த பக்கமே ஓடும், அதுதான் கவுத்துடும். இந்த மாதிரி மேல உக்காந்து ஓட்டற கயாக் பலதுல உள்ள தடுப்பே கிடையாது, ஒரே வெத்து அறை, ஒரு இடத்துல ஓட்டைனா முன்ன இருந்து பின்ன வரைக்கும் ரொம்பும். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன், காத்தும் ஒரு கட்டத்துல குறைஞ்சுது, ரெண்டு பேர் மோட்டர் போட்ல வந்து கட்டி இழுத்துட்டு வந்தாங்க. அந்த ரெண்டு அண்ணனுங்களுக்கும் நான் ரொம்ப கடமைப்பட்டிருக்கேன்.

கயாக் ரிப்பேர் பண்ற ஒருத்தர்கிட்ட கொண்டு போனேன். அவர் பிரிச்சு காட்டுனதத்தான் இப்போ விவரமா எழுதறேன், ஏன்னா இதெல்லாம் வாங்கறதுக்கு முன்னாடியே நம்ம கண்ணாலயும் கையாலயும் பாக்கக்கூடிய விஷயம்.

முதல்ல ப்ரொப்பல்லர். பல ப்ரொப்பல்லர் டிரைவ்ல ப்ரொப்பல்லரையும் அச்சையும் சேக்க ஒரு சின்ன பின் இருக்கும், ஷியர் பின்னு பேரு. கல்லு, மரக்கட்டை எதுலயாவது ப்ரொப்பல்லர் மோதுனா அந்த பின் உடையணும், உடையறதுதான் அதோட வேலை, அது உடைஞ்சா கியர் தப்பிச்சுக்கும், புது பின் போட்டுட்டு போயிட்டே இருக்கலாம். என்னோடதுல அந்த பின் இருந்த இடத்துல சாதாரண ஸ்டீல் போல்ட்ட வெட்டி சொருகி வச்சிருந்தாங்க. அறுத்த முனை சொரசொரன்னு அப்படியே இருந்துச்சு, ராவக்கூட இல்ல. வாடகைக்கு விடும்போது அடிக்கடி பின் உடைஞ்சா தொந்தரவுன்னு யாரோ செஞ்ச வேலை. போல்ட் உடையாதுல்ல, அதனால ஒவ்வொரு அடியையும் கியர் வாங்கிருக்கு. கியர் பல்லு பாதி முன்னாடியே போயிருந்துச்சு, அந்த டக் சத்தம் அதுதான். மீதி பல்லு அன்னிக்கு காத்துல போச்சு.

அடுத்தது டிரைவ் உக்கார்ற குழி. கயாக்ல அதிகமா அழுத்தம் வாங்கற இடம் இதுதான், மிதிக்கற விசை பூரா அந்த குழியோட ஓரத்துலதான் விழும், அதனால பழசுல அங்கதான் விரிசல் விடும். என்னோடதுல குழியோட பின் மூலையில விரல் நீளத்துக்கு ஒரு விரிசல், அதுமேல ஹல்லோட கலர்லயே சிலிக்கான் தடவி, காஞ்சதும் பேப்பர் போட்டு தேச்சு விட்டிருக்காங்க. மேல இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது. ரிப்பேர்காரர் நகத்தால ஒரு ஓரத்த நெம்புனாரு, வெந்த முட்டை ஓடு உரியற மாதிரி முழுசா உரிஞ்சு வந்துச்சு. இந்த கயாக்லாம் பாலிஎத்திலின், அதுல சாதாரண பசையோ சிலிக்கானோ எபாக்ஸியோ உருப்படியா ஒட்டவே ஒட்டாது, அதே பிளாஸ்டிக்க உருக்கி வெல்டிங் பண்ணணும், அதுக்குத் தெரிஞ்ச ஆள் வேணும். தடவி வச்சிருக்கான்னா அது ரிப்பேரே இல்ல, வித்து முடிக்கற வரைக்கும் மறைக்கற வேலை. கடையில டார்ச் அடிச்சு குழிக்குள்ள விரல விட்டு மூலைங்களெல்லாம் தடவி பாருங்க, நகத்தால கீறி பாருங்க, எங்கயாவது ரப்பர் மாதிரி மெத்துன்னு இருந்தா அப்படியே திரும்பி வந்துடுங்க. ஸ்கப்பர் ஓட்டைங்க, அதாவது மேல விழற தண்ணி கீழ வடியற ஓட்டைங்க, அதோட உள்பக்கமும் இதே மாதிரி பாக்கணும், அதுவும் விரிசல் விடற இடம்தான்.

மூணாவது விஷயம்தான் எனக்கு வயிறெரிஞ்சது. முன்பக்கம் சைடுல ஒரு பெரிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாங்க, அழகா மீன் படம் போட்டு. அத உரிச்சா அடியில சதுரமா ஒரு இடம் மட்டும் கலர் அடர்த்தியா, சுத்தி இருக்கறத விட பளிச்னு இருக்கு, அதுக்குள்ள 7-ன்னு ஒரு நம்பரோட வடிவம் தெளிவா தெரியுது. அதாவது அங்க ரொம்ப நாளா ஒரு நம்பர் ஸ்டிக்கர் இருந்திருக்கு, சுத்தி இருந்த பிளாஸ்டிக் வெயில்ல வெளுத்திருக்கு, ஸ்டிக்கர் மறைச்ச இடம் மட்டும் வெளுக்கல. வாடகை கயாக்லதான் இப்படி நம்பர் போடுவாங்க. புது கயாக் வெயில்ல எப்ப நின்னுச்சு இவ்ளோ வெளுக்க? கீழ, பின் முனையில, தரையில இழுத்து இழுத்து தேஞ்ச இடத்துல ஹீட் கன் காட்டி வழவழன்னு ஆக்கிருக்காங்க, லைட்ட சாய்ச்சு அடிச்சு பாத்தா அந்த இடம் மட்டும் தனியா மின்னும்.

இதுக்கெல்லாம் மேல ஒரு நம்பர் இருக்கு, அத மட்டும் பாத்திருந்தாலே இந்த கடையோட பொய் கவுண்டர்லயே உடைஞ்சிருக்கும், ஆனா பில்லுல அந்த நம்பர வேணும்னே எழுதல, "ஃபிஷிங் கயாக், பெடல் டிரைவுடன்"னு மட்டும் போட்டிருந்தாங்க. ஹல் ஐடென்டிஃபிகேஷன் நம்பர்னு பேரு. கம்பெனி கயாக்ல பின்பக்கம் வலது பக்க மேல் ஓரத்துல பிளாஸ்டிக்லயே பொறிச்சிருப்பாங்க. அமெரிக்க முறையில மொத்தம் 12 எழுத்து, அதுல கடைசி நாலு முக்கியம். முதல் எழுத்து மாசம், ஏ-ன்னா ஜனவரி, எல்-னா டிசம்பர். அடுத்த ஒரு எண் வருஷத்தோட கடைசி எண். கடைசி ரெண்டும் மாடல் வருஷம். உதாரணத்துக்கு ஜே819-ன்னு முடிஞ்சா 2018 அக்டோபர்ல செஞ்சது, 2019 மாடல். என்னோடத ரிப்பேர்காரர் படிச்சு காட்டுனாரு, கடைக்காரர் "இந்த வருஷ மாடல்"னு சொன்னதுக்கும் அதுக்கும் பல வருஷம் வித்தியாசம். அந்த நம்பரோட தயாரிப்பாளருக்கு மெயில் போட்டேன், மரியாதையா பதில் வந்துச்சு: இந்த கயாக் ஏற்கனவே ஒரு வாடகை நிறுவனம் பேர்ல ரிஜிஸ்டர் ஆயிருக்கு, வாரண்டி முதல்ல வாங்குனவங்களுக்கு மட்டும்தான், உங்களுக்கு கிடையாது. டிரைவ்ல தனி சீரியல் நம்பர் இருக்குமே, அதையும் கேட்டேன், அது வேற ஒரு கயாக்கோட போன டிரைவ்.

இத்தனையும் போட்டோவோட கடைக்காரர்கிட்ட கொண்டு போனேன். முதல் பதில், "நீங்க கல்லுல மோதிட்டீங்க சார்." ரெண்டாவது பதில், "எங்களுக்கு சப்ளை பண்ணவன் ஏமாத்திட்டான்." சப்ளையர் யாருன்னு கேட்டா பேர் வரல. டிரைவ குடுத்துட்டு போங்க, சர்வீஸ் பண்ணி தர்றோம்னாங்க, ரசீது எழுதி குடுங்க, சீரியல் நம்பர் போட்டு குடுங்கன்னேன், உடனே பேச்சு மாறிடுச்சு. யாரும் தயவு செஞ்சு ரசீது இல்லாம டிரைவ விட்டுட்டு வராதீங்க, கயாக் விலையில பெரிய பங்கு அந்த டிரைவ்தான், அது காணாம போனா கையில இருக்கறது வெறும் பிளாஸ்டிக் தொட்டி.

புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு இன்னும் ரெண்டு மூணு. டிரைவ கையில எடுத்து தலைகீழா புடிச்சு மெதுவா சுத்துங்க, ஒரு முழு சுத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும், எங்கயாவது தட்டுனாலோ நொறநொறன்னாலோ கியரோ பேரிங்கோ போச்சுன்னு அர்த்தம். பெடல் கைய சைடுல ஆட்டிப் பாருங்க. ரிவர்ஸ்லயும் சுத்துங்க. ஃபின் வகைனா கேபிள், செயின் தொய்ஞ்சிருக்கான்னு பாருங்க. சுக்கான் கயிறு தளர்ந்திருந்தா கயாக் சொன்ன பேச்சு கேக்காது, பெடல் கயாக்ல திருப்பறதே சுக்கான்தானே. எடை தாங்கற அளவுன்னு ஒரு நம்பர் சொல்லுவாங்க, அதுல உங்க எடை, பேட்டரி, நங்கூரம், ஐஸ் பாக்ஸ் எல்லாம் அடங்கும், பல கம்பெனியில சீட்டும் டிரைவும் கூட அடங்கும். என்னைக் கேட்டா அதுல மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஏத்தக்கூடாது. எங்க கடைக்காரர் "ரெண்டு ஆள் கூட போலாம் சார்"னாரு, அது ஒத்த சீட்டு கயாக்.

துடுப்பு எப்பவும் கூட இருக்கணும், டிரைவுக்கு ஒரு கயிறு கட்டி ஹல்லோட இணைச்சிருக்கணும், கவுந்தா டிரைவ் நழுவி அடியில போயிடும். லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கணும், சீட்டுக்கு பின்னாடி சொருகி வச்சிருக்கறது கணக்கில்ல. ஆழம் கம்மியான இடத்துல வேணும்னே கவுத்து திரும்ப ஏறிப் பழகிட்டுதான் தூரம் போகணும். இதுல ஒண்ணக்கூட அந்த கடையில எனக்கு சொல்லல, சொன்னதெல்லாம் ராட் ஹோல்டர் எத்தன, கப் ஹோல்டர் எங்கன்னுதான்.

இப்போதைய நிலைமை: பாதி பணம் தர்றோம், வெளிய யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு மெசேஜ் அனுப்பிருக்காங்க. முடியாதுன்னுட்டேன். முழுப் பணமும் வரணும், அந்த கயாக் சிலிக்கான் தடவி இன்னொருத்தர்கிட்ட போகவும் கூடாது. அதனால ஹல்ல வெல்டிங் பண்ணாம, உரிச்ச சிலிக்கான், போல்ட், உடைஞ்ச கியர் எல்லாத்தையும் கவர்ல போட்டு வச்சிருக்கேன், டிஸ்ப்யூட்டுக்கு ஆதாரமா வேணும். புதுசுன்னு சமீபத்துல பெடல் கயாக் வாங்குனவங்க பின்பக்க நம்பரோட கடைசி நாலு எழுத்த பாருங்க, மாசம் வருஷம் புரியலன்னா அந்த நாலு மட்டும் தெரியற மாதிரி போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, மீதி எழுத்த மறைச்சிடுங்க, படிச்சு சொல்றேன்.