நோவு மருந்து விஷயத்தை வார்டில் வாயால் சொல்வதா, ஃபோனில் காட்டுவதா, தாளில் கொடுப்பதா?

அம்மாவை ஆஸ்பத்திரியில் நிற்பாட்டினால் அவருக்கு எந்த நோவு மருந்து கொடுக்கலாம், எது கூடாது என்பதை டொக்டர்மாரின் காதில் எப்படிப் போடுவது என்பதில் எங்கள் வீட்டில் மூன்று கட்சி. அண்ணன் வாய்ப்பேச்சுக் கட்சி: "வாய் இருக்குத்தானே, சொன்னால் முடிஞ்சுது." கட்டாரில் இருக்கும் தம்பி வாட்ஸ்அப் கட்சி. நான் தாள் கட்சி. மூன்றையும் பாவித்துப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். தாள் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம், பிரஷர், போதாததற்குச் சிறுநீரகமும் தளர்ந்துவிட்டது. பிரஷருக்குத் தினமும் லொசார்டன் குடிக்கிறார். கால் வீக்கத்துக்கு ஃபுரூசமைட். சிறுநீரக வடிகட்டிக்குள் இரத்தம் போகும் குழாயை விரித்து வைத்திருக்க உடம்பு புரொஸ்டகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. டைக்குளோபினாக், இபுபுரூபன், மெபெனமிக் அசிட் எல்லாம் நோவைக் குறைப்பதே அந்தச் சுரப்பைத் தடுத்துத்தான். லொசார்டன் வடிகட்டியின் மறுபக்கத்துக் குழாயைத் தளர்த்துகிறது; ஃபுரூசமைட் உடம்பிலுள்ள நீரைக் குறைக்கிறது. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் வடிகட்டுவதற்கான அழுத்தம் விழுந்து, ஏற்கெனவே பலவீனமான சிறுநீரகம் சில நாட்களிலேயே படுத்துவிடலாம். வாயால் விழுங்காமல் பின்னால் வைக்கும் மருந்தென்றால் பரவாயில்லை என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அதுவும் இரத்தத்தில்தான் கலக்கிறது. விழுங்கினாலும் பின்னால் வைத்தாலும் சிறுநீரகத்துக்கு ஒன்றுதான், வயிற்றுப் புண் ஆபத்தும் போய்விடாது.

சரி, வாய்ப்பேச்சு. செலவில்லை, ஆயத்தம் வேண்டாம், அவசரத்துக்கு உதவும். சில வருத்தத்துக்கு அதுவே தாராளம். மாரி மழைக் காலத்தில் மட்டக்களப்பில் காய்ச்சல் என்று போனால், டெங்கு சந்தேகம் தீரும்வரை பரசிற்றமோல் மட்டும்தான், டைக்குளோபினாக்கும் இபுபுரூபனும் அஸ்பிரினும் தொடக்கூடாது என்பது வார்டில் இருப்பவர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வீட்டில் ஏற்கெனவே என்ன குடித்தார் என்பதை மட்டும் சொன்னால் போதும்.

ஆனால் அம்மாவின் கதை அப்படியில்லை. ஒரு தடவை முழங்கால் நோவும் காய்ச்சலுமாக ஒரு ஆஸ்பத்திரியில் நின்றபோது, அண்ணன் சேர்க்கும் இடத்தில் சொன்னார், இரவு மிஸ்ஸியிடமும் (தாதியிடமும்) சொன்னார். இருவரும் கவனமாகத்தான் கேட்டார்கள். அடுத்த நாள் பின்னேரம் வந்த டொக்டர் வேறு ஆள். அம்மா முனகுவதைக் கண்டு இரக்கப்பட்டு டைக்குளோபினாக் எழுதிவிட்டார். பெண்கள் வார்டு என்பதால் அண்ணன் கேட்டுக்கு வெளியே. மருந்து கட்டிலடிக்கு வந்த பிறகு பக்கத்துக் கட்டில் அக்கா, "இவவுக்குக் கிட்னி என்று மகன் சொன்னவரே மிஸ்ஸி" என்று குரல் கொடுத்ததால் நின்றது. யாரையும் தனியாகக் குறை சொல்ல ஏலாது. கேட்ட இருவரும் ட்யூட்டி முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள், சொன்னதும் அவர்களோடு போய்விட்டது.

நாலாவதாக ஒரு வழியும் இருக்கிறது: "தெரிந்த ஆள்". வார்டில் சொந்தக்கார மிஸ்ஸி, ஊர்ப் பொடியன் அட்டெண்டன், கூடப்படித்த டொக்டர். நம் ஊரில் எல்லாரும் முதலில் தேடுவது இதைத்தான், நானும் தேடியிருக்கிறேன். அவர் ட்யூட்டியில் இருக்கும்வரை இதை அடிக்க ஒன்றுமில்லை. இல்லாத நேரத்தில் அண்ணனின் வாய்ப்பேச்சுக்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

தம்பியின் ஃபோன் வழி கேட்க நல்லாயிருக்கும். கிளினிக் கொப்பி, இரத்தப் பரிசோதனை, டயக்னோசிஸ் காட் (வீட்டுக்கு விடும்போது தரும் அட்டை) எல்லாம் குடும்பக் குழுவில் படமாகக் கிடக்கிறது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான கிரியேட்டினினின் பழைய எண்களை வரிசையாகக் காட்ட இதைவிட வசதி வேறில்லை. பிரச்சினை, படம் இருப்பது என் ஃபோனில், படுத்திருப்பது அம்மா. அவரிடம் இருப்பது பட்டன் ஃபோன். நான் பக்கத்தில் நின்றாலும், வார்டு சுற்றிவரும் டொக்டரின் கையில் ஃபோனைக் கொடுத்து, "இது இல்லை டொக்டர், அடுத்த படம், இல்லை அதுக்கு முந்தினது" என்று விரலால் தள்ளிக்கொண்டிருப்பது அவருக்கும் சிரமம், எனக்கும் வெட்கம். ஃபோனைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார், எங்கேயும் பதிவாகாது.

என் கணக்கில் எல்லாம் அந்தப் பதிவில்தான் தங்கியிருக்கிறது. வார்டில் சேர்த்ததும் நோயாளியின் பெயரில் ஒரு பதிவேடு திறக்கிறார்களே, கட்டில் டிக்கட், இரவோ பகலோ, புது டொக்டரோ பழைய மிஸ்ஸியோ, மருந்து எழுதும் முன்னும் கொடுக்கும் முன்னும் பார்ப்பது அதைத்தான். அதில் ஏறாத தகவல் வார்டைப் பொறுத்தவரை இல்லாத தகவல். ஆகவே எந்த வழி நல்லது என்று கேட்டால், எந்த வழியால் சொன்னால் விஷயம் டிக்கட்டில் ஏறும் என்று மட்டும் பார்த்தால் போதும். வாயால் சொன்னதை எழுத டொக்டர் தன் ஞாபகத்திலிருந்து எழுதவேண்டும், மருந்துப் பெயரை நாங்கள் பிழையாக உச்சரித்திருப்போம். "அந்த மஞ்சள் குளிசை" என்றால் அவர் எதை எழுதுவார்? தாள் என்றால் பார்த்து எழுதலாம், அல்லது தாளையே டிக்கட்டோடு சேர்த்துக் குத்தலாம். எங்களுக்கு இரண்டும் நடந்திருக்கிறது. அதனால் இப்போது தாளைக் கொடுக்கும்போதே, "டொக்டர், இதை ஒருக்கா டிக்கட்டின் முன்பக்கத்தில் போட்டுவிடுவீங்களா?" என்று கேட்பது என் வழக்கம். "டைக்குளோபினாக் போடாதீங்க" என்று தொடங்கினால் முகம் மாறும். "இவங்களுக்குக் கிட்னி வீக், ஒத்துக்குமா என்று ஒருக்கா பாருங்கோ" என்றால் அவரே டிக்கட்டைப் புரட்டுவார்.

மாற்றி அனுப்பும்போதும் இதே கதைதான். திருக்கோவிலோ அக்கரைப்பற்றோ களுவாஞ்சிகுடியோ, முதலில் எங்கே போனாலும் பெரிய சிகிச்சைக்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்பப்படலாம். அங்கே போனால் புது வார்டு, புது டிக்கட். அம்பாறைக்குப் போனால் டொக்டர் சிங்களம் பேசுபவராகவும் இருக்கலாம். நோயாளி அரை மயக்கத்தில் இருந்தாலும் ஆங்கிலத்தில் மருந்துப் பெயர் எழுதிய தாள் எங்கேயும் வேலை செய்யும்.

தாளில் என்ன இருக்கவேண்டும்? ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. பெயர், வயது, எடை, என்ன வருத்தம், கடைசிக் கிரியேட்டினின் எத்தனை, எந்தத் திகதியில் எடுத்தது, தினமும் குடிக்கும் குளிசைகள், கூப்பிட வேண்டிய நம்பர். குளிசைகளைக் கடைப் பெயரில் எழுதாமல் மருந்தின் பொதுப்பெயரில் எழுதுங்கள்; ஒரே மருந்து ஐந்தாறு பெயரில் விற்கிறது. இதில்தான் வேலை கூட. எங்கள் அம்மாவின் வெற்றிலைப் பைக்குள், பார்மசிக்காரர் கொடுத்த சின்னக் கடதாசி உறைகள் சில கிடந்தன. "காலை 1, இரவு 1, சாப்பாட்டுக்குப் பின்" என்று வெளியே எழுதியிருக்கிறது, உள்ளே இருப்பது என்ன குளிசை என்று எங்கேயும் இல்லை. ஒன்று மூட்டு நோவுக்கு வாங்கியதாம். கொண்டுபோய்க் காட்டிக் கேட்டதில் டைக்குளோபினாக். வார்டில் கட்டிலடிவரை வந்து நின்றுபோன மருந்தை அம்மா வீட்டில் தானாகவே குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பனடோலும் இதில் சேரும். பரசிற்றமோல் வளர்ந்தவர்களுக்குச் சாதாரணமாக 24 மணித்தியாலத்தில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் போகக்கூடாது. எடை குறைந்தவர்களுக்கும் ஈரல் வருத்தக்காரருக்கும் அதிலும் குறைவு. வார்டில் கொடுக்கும் பரசிற்றமோலும், தலையணைக்குக் கீழ் இருக்கும் பனடோல் கார்டும் ஒரே மருந்து என்று தெரியாமல் இரண்டையும் விழுங்குபவர்கள் நிறையப் பேர். பார்க்க வருபவர்கள் ஓரஞ்சோடு பனடோலும் கொண்டுவருவதை முதலில் நிற்பாட்ட வேண்டும்.

அடுத்தது, "அலர்ஜி" என்று கண்டபடி எழுதாதீர்கள். அம்மாவுக்கு ஒருமுறை ட்ரமடோல் என்ற வேறு வகை நோவு மருந்து கொடுத்துச் சத்தி எடுத்தார். பெரியம்மா உடனே "அலர்ஜி என்று எழுது" என்றார். சத்தி ட்ரமடோலின் வழமையான பக்கவிளைவு. அதை அலர்ஜி என்று எழுதினால், சிறுநீரகம் பழுதான ஒருவருக்குக் கையிலிருக்கும் கொஞ்ச வழிகளில் ஒன்றையும் நாமே அடைக்கிறோம். உடம்பில் தடிப்பு வந்ததா, மூச்சு முட்டியதா, முகம் வீங்கியதா, வெறும் சத்தியா என்று நடந்ததை எழுதினால் முடிவை டொக்டர் எடுப்பார். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ட்ரமடோலின் அளவையும் இடைவெளியையும் மாற்ற வேண்டியிருக்கும், வலிப்பு வந்தவர்களுக்கு அதுவே ஆபத்து. அந்தக் கணக்கெல்லாம் அவர்களுடையது.

கூடாதவற்றை மட்டும் எழுதி நிறுத்தினால் இன்னொரு ஆபத்து இருக்கிறது. "இது வேண்டாம், அதுவும் வேண்டாம்" என்ற தாளைப் பார்த்தால், பிசியான வார்டில் நோயாளி ஒன்றுமில்லாமல் நோவோடு கிடக்கவும் கூடும். அம்மாவின் தலைமுறை வேறு, "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "பரவாயில்ல மகன், தாங்கலாம்" என்பார்கள். அதனால் எங்கள் தாளில் "இவருக்கு உதவியவை" என்று ஒரு வரி உண்டு: பரசிற்றமோல் நேரத்துக்கு நேரம், முழங்காலுக்குச் சூடு. "கேட்டால் நோவைக் குறைத்துச் சொல்வார், நடக்கவிட்டுப் பாருங்கள்" என்றும் எழுதியிருக்கிறேன். இதை வாசித்து ஒரு டொக்டர் சிரித்தார். ஆனால் நடக்கவிட்டுப் பார்த்தார்.

வாய்ப்பேச்சுக் கட்சிக்கு ஓர் இடத்தில் விட்டுக்கொடுக்கிறேன்: நோயாளி தானே கேட்பது. அம்மாவுக்கு ஒரே ஒரு கேள்வியைப் பழக்கினோம். ஊசியோ குளிசையோ கிட்ட வந்தால், "இது என்ன மருந்து மிஸ்ஸி, எனக்குக் கிட்னி புள்ள." அவ்வளவுதான். முதலில் "அவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்?" என்று கூச்சப்பட்டார். இப்போது பக்கத்துக் கட்டில்காரருக்கு வரும் மருந்தையும் விசாரிக்கிறார், அதைத்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது.

அரச ஆஸ்பத்திரி வார்டுகளை வைத்தே இவ்வளவும் சொல்கிறேன். தனியார் ஆஸ்பத்திரியில் ஓரிரு தடவைக்கு மேல் நின்றதில்லை. கணினியில் பதியும் இடங்களில் தாளுக்கு இவ்வளவு வேலை இருக்காது என்றுதான் படுகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு மருந்தளவே எடையைப் பொறுத்தது என்பதால், அவர்களுக்கு இந்தத் தாளை அப்படியே பாவிக்க முடியாது.

தாளின் குறை பராமரிப்பு. பழைய தாள் தாள் இல்லாததைவிட மோசம். நிறுத்திய குளிசையை வார்டில் திரும்பத் தொடங்கிவிடுவார்கள். கிளினிக் நாளன்று வீட்டுக்கு வந்ததும் கொப்பியைப் பார்த்துத் திருத்தி, மேலே திகதி போடுகிறேன். ஒன்று கிளினிக் கொப்பியின் முன் அட்டைக்குள், இன்னொன்று அண்ணனின் பர்சில். அண்ணன் லேமினேட் பண்ணித் தாறேன் என்கிறார், மழைக்கு நனையாதாம். லேமினேட் பண்ணினால் லொசார்டன் அளவு மாறும்போது பேனையால் வெட்டி எழுத ஏலாது, எனவே பொலித்தீன் உறையோடு நிறுத்திவிட்டேன். திருத்தியதும் ஒரு படம் எடுத்துக் குழுவில் போடுகிறேன், தம்பிக்கும் திருப்தி.