வாசலினா, கிளிசரினா, தேங்காயெண்ணெயா?

நுவரெலியாவில் உதடு வெடித்தால் குளிரைக் குறை சொல்லலாம். கொழும்பு வெள்ளவத்தையில் வெடித்தால் யாரைச் சொல்வது? காலி வீதியில் பஸ்ஸுக்காகப் பத்து நிமிடம் நின்றால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. சமையலறையில் உப்புச் சாடி தானாகவே கசிகிறது. இப்படி ஈரம் ஊறிய ஊரில் என் கீழுதடு மட்டும் வருடம் முழுக்கத் தோலுரிந்துகொண்டிருந்தது. கைப்பையில் மூன்று உதட்டுப் பூச்சுகள் கிடந்தன. ஒன்றின் முகப்பில் தேன், ஒன்றில் ஷியா வெண்ணெய் என்ற ஆப்பிரிக்க விதைக் கொழுப்பு, ஒன்றில் புதினா. எதைப் பூசினாலும் அரை மணி நேரம் சுகமாக இருக்கும், பிறகு பழைய கதைதான்.

“தொப்புளில் தேங்காயெண்ணெய் வை, பிள்ளை” என்றார் அம்மம்மா. ஒரு வாரம் வைத்தேன். தொப்புள் மிருதுவானது.

காரணம் கொள்ளுப்பிட்டியில் என் அலுவலக ஜன்னலுக்கு வெளியே சொட்டிக்கொண்டிருந்தது. ஏசிப் பெட்டியின் குழாய்க்குக் கீழே காவலாளி ஒரு வாளி வைத்திருப்பார். மாலைக்குள் அது நிறைந்துவிடும். அவ்வளவு நீரும் நாங்கள் உட்கார்ந்திருக்கும் அறையின் காற்றிலிருந்து பிழிந்தெடுத்தது. காய்ந்த அந்தக் காற்று தன் பங்குக்கு எங்கள் தோலிலிருந்து ஈரத்தை எடுத்துக்கொள்கிறது. முதலில் அடிபடுவது உதடு. உதட்டின் மேற்படலம் மிக மெல்லியது. மற்றத் தோலில் எண்ணெய்ப் பசையைச் சுரக்கும் சுரப்பிகளும் அங்கே அநேகமாக இல்லை. காய்கிறதே என்று நாக்கால் தடவினால் எச்சில் ஆவியாகும்போது இருந்த ஈரமும் போய்விடும். எச்சிலில் உள்ள செரிமான நொதிகள் வேறு உதட்டை அரிக்கும்.

ஆகவே கொழும்பில் எந்தப் பூச்சு நல்லது என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: நீங்கள் பகலில் வெளியிலா, ஏசிக்குள்ளா? பூசப்போவது எந்த இடத்தில்?

கிளிசரினை எடுத்துக்கொள்வோம். 1779இல் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் கார்ல் ஷீலே ஒலிவ் எண்ணெயைச் சூடாக்கியபோது கண்ட இனிப்பான திரவம் இது. சவர்க்காரம் செய்யும்போதும் கூடவே பிரிந்து வரும். அதன் குணம் நம் உப்புச் சாடியின் குணம்: சுற்றிலும் ஈரம் இருந்தால் இழுத்துக்கொள்ளும். கடற்கரைப் பக்கத்துக் காற்றில் அதற்கு வேலை எளிது. ஏசி அறையில் காற்றில் ஈரம் குறைவு என்பதால் தோலின் அடியடுக்குகளிலிருந்து நீரை மேலே இழுக்கும். மேலே வந்த நீரை மூடி வைக்க ஒன்றும் இல்லாவிட்டால் அதுவும் ஆவியாகிவிடும். அந்தக் காலத்துப் பெண்கள் பன்னீரில் கலந்து பூசியதில் பாதி நியாயம் இருந்தது. இழுப்பதற்கான நீரை அவர்களே கொடுத்தார்கள், மூடியைத்தான் கொடுக்கவில்லை.

இதே வேலைக்கு இப்போது கூடுதல் விலையில் விற்பது ஹயலூரோனிக் அமிலம். 1934இல் மாட்டுக் கண்ணிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பொருள். ‘தன் எடையைப் போல ஆயிரம் மடங்கு நீரைப் பிடிக்கும்’ என்ற விளம்பர வாக்கியத்தை நான் நம்புவதில்லை. அதன் பெரிய மூலக்கூறு தோலுக்குள் இறங்காமல் மேலேயே தங்கிவிடும். மேலே தங்கினாலும் பயன் உண்டு, முகம் சற்று நேரம் பூரிப்பாகத் தெரியும். ஆனால் கிளிசரின் மிகச் சிறிய மூலக்கூறு. உள்ளே இறங்கவும் செய்யும், விலையும் மலிவு. இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எனக்கு யோசனையே இல்லை, கிளிசரின்.

உதட்டுக்கு வந்தால் கணக்கு மாறிவிடும். அங்கே தேவை மூடி. மூடிகளில் பெற்றோலியம் ஜெலியை அடிக்க இன்னும் ஆள் வரவில்லை. 1859இல் ரொபர்ட் செஸ்பரோ பென்சில்வேனியாவின் எண்ணெய்க் கிணறுகளைப் பார்க்கப் போனபோது, துரப்பணக் கம்பிகளில் ஒட்டிய மெழுகைத் தொழிலாளர்கள் வெட்டுக்காயங்களுக்குப் பூசுவதைக் கண்டார். அதைச் சுத்திகரித்து 1872இல் வாசலின் என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். தோலிலிருந்து ஆவியாகும் நீரை இது 98 சதவீதம் வரை தடுக்கும் என்றும், மற்ற எண்ணெய்கள் பலவும் 20, 30 சதவீதத்தோடு நின்றுவிடும் என்றும் தோல் மருத்துவ நூல்கள் சொல்கின்றன. இதில் ஒரு துளி நீர்கூட இல்லை என்பதை மறக்கக் கூடாது. காய்ந்த உதட்டில் பூசினால் காய்ந்த உதட்டைத்தான் மூடி வைக்கும். முகம் கழுவி, ஒற்றித் துடைத்து, ஈரம் போவதற்குள் பூச வேண்டும். என் உதடு தேறியது இந்த ஒரு மாற்றத்தால்தான், சுமார் பத்து நாளில்.

‘பெற்றோலில் எடுத்ததை வாயில் பூசுவதா?’ என்று சித்தி முகம் சுளித்தார். கேள்வி வீணானதல்ல. சரியாகச் சுத்திகரிக்காத ஜெலியில் தீங்கான சேர்மங்கள் தங்கியிருக்கலாம். மருந்துத் தரத்தில் சுத்திகரித்த வெள்ளை ஜெலியில் அந்தப் பயம் வேண்டாம். பெயரே இல்லாத டப்பாவில் அள்ளி விற்பதை மட்டும் நான் வாங்கமாட்டேன்.

ஜெலிக்குப் போட்டியாக நிற்கக்கூடியது செம்மறி ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லனோலின். மூடியாகவும் இருக்கும், நீரையும் பிடித்து வைக்கும். பாலூட்டும் தாய்மார்கள் அதன் அருமையை அறிவார்கள். ஆனால் சிலருக்கு ஒவ்வாது. அமெரிக்கத் தொடுகை ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2023ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது லனோலினைத்தான். முழங்கையின் உட்புறத்தில் சில நாள் தடவிப் பார்த்துவிட்டு உதட்டுக்குக் கொண்டுபோவது நல்லது.

தேங்காயெண்ணெயைக் குறை சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது, ஆனாலும் சொல்கிறேன். அது உறைவது ஏறக்குறைய 24 பாகை செல்சியஸில். நுவரெலியாவில் போத்தலுக்குள் வெண்ணெயாக நிற்பது கொழும்பில் வருடம் முழுக்கத் தண்ணீராக ஓடும். உதட்டில் வைத்தால் ஒரு கோப்பைத் தேநீரோடு போய்விடும். முகத்தில் சிலருக்குத் துவாரங்களை அடைத்துப் பருவைக் கிளப்பும். கை கால்களில் மட்டும் அம்மம்மா வென்றுவிட்டார்: வறண்ட தோல் உள்ள 34 பேரிடம் பிலிப்பைன்ஸில் செய்து 2004இல் வெளியான ஆய்வு ஒன்றில், தேங்காயெண்ணெய், பெற்றோலியத்திலிருந்து எடுக்கும் கனிம எண்ணெய்க்குச் சமமாகவே நின்றது. குளித்த ஈரத்தோடு தடவினால் காலுக்கு வேறு கிறீம் தேவையில்லை. கற்றாழையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதன் சாறு பெரும்பாலும் நீர். வெயில் பட்ட தோலுக்கு இதம், அவ்வளவுதான்.

இனி அந்த மூன்று பூச்சுகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றின் பின்பக்கத்தை அம்மம்மாவின் பூதக்கண்ணாடியால் படித்தேன். சேர்மானங்களை அளவின் இறங்குவரிசையில் எழுதுவது வழக்கம். ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை எப்படியும் எழுதலாம். ‘தேன்’ பூச்சில் முதலில் இருந்தது கனிம எண்ணெய், அடுத்து மெழுகு, அப்புறம் வாசனை. தேன் வாசனைக்கும் பின்னால், கடைசி வரியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஷியா பூச்சில் ஷியா உண்மையாகவே இரண்டாம் இடத்தில் இருந்தது. ஆனால் ஷியா வெண்ணெய் உடல் சூட்டுக்கே உருகக்கூடியது. ஓட்டோவில் வெயிலில் வந்த ஒரு மதியம் மூடியைத் திறந்தால் உள்ளே குழம்பு. புதினாதான் மோசம். மெந்தோலும் கற்பூரமும் ‘குளுகுளு’ என்று ஏமாற்றும். அந்தக் குளிர்ச்சிக்கும் ஈரத்துக்கும் சம்பந்தமே இல்லை. வெடித்த உதட்டை அவை எரிச்சலூட்டும், எரிகிறதே என்று மறுபடி பூசுவோம். நான் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை பூசிய பூச்சு அதுதான்.

முகத்துக்கு நான் கடைசியில் பிடித்துக்கொண்டது கிளிசரினும் டைமெதிகோனும் சேர்ந்த இலேசான கிறீம். டைமெதிகோன் சிலிக்கோன் வகை மூடி. ஜெலியைப் போல இறுக்கமாக மூடாது, ஆனால் கொழும்பு வியர்வையில் முகத்தில் ஜெலியோடு நடமாட யாரால் முடியும்?

பித்தவெடிப்புக்கு இவை எதுவும் போதாது. யூரியா கலந்த கிறீம் வேண்டும். யூரியா பத்து சதவீதம் வரை இருந்தால் ஈரத்தைப் பிடித்து வைக்கும், இருபதுக்கு மேல் போனால் தடித்த தோலைக் கரைக்கவே தொடங்கும். இரத்தம் கசியும் வெடிப்பில் வைத்தால் சுரீரென்று எரியும், உதட்டுப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. இரவில் அதைப் பூசி, மேலே ஜெலி தடவி, பருத்திக் காலுறை போட்டுப் படுக்க வேண்டும். ஜெலி ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும் என்பதால், அந்தக் காலுறையோடு விளக்கேற்றப் போக வேண்டாம் என்று அம்மம்மாவிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். தலையாட்டினார். தொப்புளுக்கு எண்ணெய் வைப்பதை மட்டும் அவர் இன்னும் விடவில்லை.