லிவிங் வில் எழுதுவதா, பிள்ளைகளிடம் விடுவதா?

கேரள எல்லையோரக் களியக்காவிளைக்காரர்களுக்குப் பெரிய வைத்தியம் என்றால் திருவனந்தபுரம்தான். அங்கே வென்டிலேட்டரை எடுக்கலாமா என்ற கேள்வி வரும்போது எது கைகொடுக்கும்: லிவிங் வில்லா (நம்மால் சொல்ல முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்பே எழுதி வைப்பது), பிள்ளைகளிடம் வாயால் சொல்லி வைத்ததா? ஊசி போட்டு உயிரை முடிப்பது இந்தியாவில் எங்குமே குற்றம். பேச்சு, சிகிச்சையை நிறுத்துவது பற்றி மட்டும்.

செலவு: வில்லுக்கு நோட்டரி கட்டணம். வாய்ப்பேச்சுக்கு ஒன்றுமில்லை.

வேலை: வில்லுக்கு இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று. 2018 தீர்ப்பு கேட்ட மாஜிஸ்திரேட் கையெழுத்தை உச்ச நீதிமன்றம் 2023-ல் நீக்கிவிட்டது. வில் இல்லையென்றால் நெருங்கிய உறவினர் சம்மதம்.

ஆஸ்பத்திரி நடைமுறை: இரண்டிலும் ஒன்றே. மும்மூன்று டாக்டர்கள் கொண்ட இரண்டு குழு. ஒவ்வொன்றும் இயன்றவரை 48 மணி நேரத்தில் முடிவு சொல்லும். வில் இருந்தால் சீக்கிரம் முடியும் என்பது தப்புக்கணக்கு.

எங்கே கெடும்: வில்லில் “என்னைக் கஷ்டப்படுத்தாதீங்க” என்று மட்டும் எழுதினால் குழு ஏற்காது, வில்லே இல்லாத கேஸாகிவிடும். வென்டிலேட்டர், டயாலிசிஸ், மூக்குக் குழாய் என்று பெயர் சொல்லி, எந்த நிலையில் வேண்டாம் என்றும் எழுத வேண்டும். மலையாள டாக்டர் படிக்க ஆங்கிலப் பிரதியும் வேண்டும். பீரோவில் பூட்டி வைத்த வில் யாருக்கு? வில்லில் பெயர் குறித்தவர்களிடமும் பஞ்சாயத்து அல்லது நகராட்சி அதிகாரியிடமும் நகல் இருக்கட்டும். வாய்ப்பேச்சில், துபாயிலிருக்கும் மகன் போனில் “சிகிச்சையை நிறுத்த வேண்டாம்” என்றால் அந்த முடிவே நின்றுவிடலாம்.

தனியாக இருப்பவர், பிள்ளைகள் ஒத்துப்போகாத வீடு: வில். ஒரே பிள்ளை, கூடவே இருக்கிறார், மனசு தெரிந்தவர் என்றால் பேச்சே போதும்.