மடிக்கணினியில் கிராபிக்ஸ் கார்டை மாற்றுவதா, வெளியில் இணைப்பதா?

கேமிங் மடிக்கணினியின் கிராபிக்ஸ் திறன் போதவில்லை என்று உணர்பவருக்கு முதலில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஏமாற்றமே. இன்று விற்பனைக்கு வரும் மாதிரிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் ஜிபியு என்னும் கிராபிக்ஸ் செயலிச் சில்லும் அதைச் சூழ்ந்த நினைவகச் சில்லுகளும் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கின்றன. கழற்றி மாட்டுவதற்குக் கார்டு என்று தனியாக ஒரு பொருளே அங்கே கிடையாது. எனவே, கார்டை உள்ளேயே மாற்றுவது, வெளியில் ஒன்றை இணைப்பது, புதிய கணினிக்கே போய்விடுவது ஆகிய மூன்றில் எது யாருக்குப் பொருந்தும் என்பதுதான் பார்க்க வேண்டியது.

உள்ளே மாற்றுவதற்கு ஒரு காலத்தில் எம்எக்ஸ்எம் என்ற தர அமைப்பு இருந்தது. கிளெவோ, எம்எஸ்ஐ, ஏலியன்வேர் ஆகியவற்றின் பருத்த மாதிரிகள் பலவற்றில் ஜிபியு தனிக் கார்டாகவே வந்தது. வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்கையும் சில திருகுகளையும் கழற்றினால் கார்டு கையோடு வந்துவிடும். ஆனால் சிக்கல்கள் அதன் பிறகே தொடங்குகின்றன. புதிய கார்டில் நினைவகச் சில்லுகள் இடம் மாறியிருந்தால் பழைய ஹீட்சிங்க் அவற்றின் மீது படியாது. கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் அந்தக் கார்டை ஏற்க மறுக்கலாம். எல்லாம் கூடிவந்தாலும், டிரைவர் மென்பொருளின் நிறுவல் விவரங்கள் உள்ள ஐஎன்எஃப் கோப்பில் அந்தக் கார்டின் அடையாள எண் இல்லாததால் அதைக் கையால் திருத்தி நிறுவ வேண்டியிருக்கும். அதே மாதிரியில் அதே கார்டைப் பிறர் பொருத்தி ஓட்டியிருப்பது உறுதியானாலன்றி இந்த வழியில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. 2019-இல் வெளிவந்த ஏலியன்வேர் ஏரியா-51எம் டெல் நிறுவனத்தின் சொந்த வடிவிலான மாற்றத்தக்க கார்டுடன் வந்தது. ஆயினும் அடுத்த தலைமுறையான ஆர்டிஎக்ஸ் 30 வரிசைக் கார்டு எதுவும் அதற்கு வரவில்லை.

ஜிபியுவைப் பின்னர் மாற்றலாம் என்று சொன்னதைச் செய்து காட்டிய விதிவிலக்கு ஃபிரேம்வொர்க் 16. 2024-இல் கழற்றி மாட்டத்தக்க ரேடியான் ஆர்எக்ஸ் 7700எஸ் ஜிபியு தொகுதியுடன் வந்த அந்த மடிக்கணினிக்கு 2025-இல் ஆர்டிஎக்ஸ் 5070 தொகுதி அறிவிக்கப்பட்டது; பழைய உடலின் பின்புறத்திலேயே அது பொருந்துகிறது. விசிறிகளும் அந்தத் தொகுதிக்குள்ளேயே இருப்பதால் ஹீட்சிங்க் பொருந்துமா என்ற கேள்வியே எழுவதில்லை. எனினும் வேறு மடிக்கணினி வைத்திருப்பவருக்கு இதனால் பயனில்லை.

ஆகவே கையில் உள்ள கணினியை வைத்துக்கொண்டே முன்னேற விரும்புவோருக்கு உண்மையான போட்டி, மேசைக்கணினிக் கார்டை வெளியில் இணைக்கும் இரு வழிகளுக்கு இடையில்தான் நடக்கிறது: யூஎஸ்பி-சி வடிவ போர்ட்டில் செருகும் தண்டர்போல்ட், தனிக் கம்பியான ஆக்குலிங்க். மேசைக்கணினியில் கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 ஸ்லாட்டின் 16 தரவுத் தடங்களும் சேர்ந்து ஒரு திசையில் நொடிக்கு ஏறத்தாழ 256 ஜிகாபிட் தரவைக் கடத்தும். தண்டர்போல்ட் 3, 4 ஆகியவற்றின் மொத்த வேகம் 40 ஜிகாபிட். அதிலும் பிசிஐ எக்ஸ்பிரஸ் தரவுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 32. ஆக்குலிங்க் கம்பி 4.0 தலைமுறையின் நான்கு தடங்களை இடையில் எந்த மாற்றமும் செய்யாமல் நேரடியாகக் கொண்டுசெல்வதால் 64 ஜிகாபிட் வரை தருகிறது. தண்டர்போல்ட் 5-உம் பிசிஐ எக்ஸ்பிரஸுக்கு அதே 64 ஜிகாபிட்டை ஒதுக்குகிறது என்றாலும், அது இருக்கும் மடிக்கணினி புதியதாகவே இருக்கும். அதன் உரிமையாளருக்கு இந்தத் தேடலே இப்போதைக்குத் தேவைப்படாது.

வேகத்தில் ஆக்குலிங்க் முந்துகிறது, வசதியில் தண்டர்போல்ட். ஆக்குலிங்க் கம்பி மின்சாரம் கடத்தாது. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் பிடுங்கவோ செருகவோ கூடாது. முதலில் கார்டைத் தாங்கும் வெளி டாக்கின் பவர் சப்ளையை இயக்கிவிட்டுப் பிறகு மடிக்கணினியை இயக்க வேண்டும். ஜிபிடி வின் மேக்ஸ் 2-இன் 2023 மாதிரி போன்ற சிலவற்றைத் தவிரப் பெரும்பாலான மடிக்கணினிகளில் ஆக்குலிங்க் போர்ட் இருப்பதில்லை என்பதால், எஸ்எஸ்டிக்கான எம்.2 ஸ்லாட் ஒன்றை விட்டுக்கொடுத்து அதில் அடாப்டரைச் செருகி, கம்பி வெளியே வர அடிமூடியில் வழியும் விட வேண்டும். நாள்தோறும் கணினியைத் தூக்கிச் செல்பவருக்கு இது பெருந்தொல்லை. அவருக்குத் தண்டர்போல்ட்டே சரி. ஆனால் போர்ட்டின் வடிவத்தை மட்டும் பார்த்து முடிவுசெய்துவிடக் கூடாது: அதே வடிவிலுள்ள யூஎஸ்பி4 போர்ட்டில் பிசிஐ எக்ஸ்பிரஸ் வசதி கட்டாயமில்லை, பழைய தண்டர்போல்ட் 3 மடிக்கணினிகள் சிலவற்றில் இரண்டு தடங்களே உண்டு.

எந்தக் கம்பியானாலும் படத்தை வெளி மானிட்டரில் பார்ப்பதே நல்லது. மடிக்கணினியின் சொந்தத் திரையில் பார்த்தால், வரைந்து முடித்த ஒவ்வொரு சட்டகமும் அதே கம்பி வழியே திரும்பி வர வேண்டும். 1920×1080 திரையில் நொடிக்கு 144 சட்டகங்கள் என்றால் அதுவே 9 ஜிகாபிட்டைத் தாண்டும். கார்டைத் தேர்ந்தெடுக்கும்போதும் நினைவகத்தையே முதலில் பார்க்க வேண்டும். கார்டின் நினைவகம் நிரம்பிவிட்டால் மிச்சத் தரவு கணினியின் ரேமுக்கும் கார்டுக்குமாக அலைய நேரும். குறுகிய இணைப்பில் அந்த அலைச்சல் உடனே திணறலாகத் தெரியும். இதற்கு நேர்மாறாக, பலர் கவனிக்காத ஓர் ஆதாயமும் உண்டு: உள் ஜிபியு ஓய்வில் இருப்பதால், இரண்டுக்கும் பொதுவான வெப்பக்குழாய்கள் முழுவதும் சிபியுவுக்கே பயன்பட, அது முன்பைவிட உயர்ந்த வேகத்தில் நீடித்து நிற்கும்.

இணைத்த பிறகு, கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் இணைப்பைக் காட்டும் வரியைப் பாருங்கள். கார்டு சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த அங்கே பிசிஐ எக்ஸ்பிரஸ் தலைமுறை 1.1 என்றுகூடக் காட்டும்; பதற வேண்டாம். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியைச் சொடுக்கிச் சோதனையை ஓடவிட்டால் உண்மையான தலைமுறை தெரியும். ஆக்குலிங்க்கில் அப்போதும் 3.0-இலேயே நின்றால், கம்பியையும் அடாப்டரையும் சந்தேகிக்கலாம், அந்த எம்.2 ஸ்லாட்டே 3.0 ஆகவும் இருக்கலாம்.

புதிய மடிக்கணினிக்கே போகலாமா என்றால், பெயரை நம்பிப் போகக் கூடாது. மேசைக்கணினி ஆர்டிஎக்ஸ் 4090-இல் குடா கோர்கள் எனப்படும் கணக்கீட்டு அலகுகள் 16384-உம் 24 ஜிபி நினைவகமும் உள்ளன; அதே பெயரில் வரும் மடிக்கணினி ஜிபியுவில் இருப்பவை 9728 கோர்களும் 16 ஜிபியும்தான். மடிக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4060-க்கு என்விடியா வகுத்த மின்வரம்பு 35 முதல் 115 வாட் வரை விரிகிறது. அதாவது ஒரே பெயருள்ள இரு மடிக்கணினிகள் ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் நிற்கலாம். விவரப்பட்டியலில் வாட் குறிப்பிடப்படாத மாதிரியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எம்.2 ஸ்லாட் ஒன்று காலியாக இருந்து, விளையாட்டு எப்போதும் ஒரே மேசையில்தான் என்றால், நான் ஆக்குலிங்க்கின் பக்கமே நிற்பேன். அதற்காக வாங்கும் கார்டும் பவர் சப்ளையும், பின்னாளில் மேசைக்கணினி ஒன்றைக் கட்டும்போது அப்படியே அதற்குள் போய்விடும். வீணாவது அடாப்டரும் கம்பியும் மட்டுமே.