உப்புக் காற்றுக்குத் தாங்குமா? சூலூர்பேட்டையில் ஒரு பாத்திரக்கடை

ஆந்திராவின் சூலூர்பேட்டை பஜாரில் பாத்திரக்கடை எங்கே என்று கேட்டால் எல்லாரும் கண்ணாடிக் கதவும் ஏசியும் உள்ள கடைகளுக்குத்தான் கைகாட்டுவார்கள். நான் சொல்ல வந்தது அதுகளைப் பற்றி இல்லை. செங்காளம்மா கோயில் பக்கமாகப் போகும் தெருவில், ஒரே ஷட்டருக்குள் பாதி பாத்திரம், பாதி ஹார்ட்வேர் என்று அண்ணனும் தம்பியும் நடத்துகிற கடை. பேரை எழுத வேண்டாம் என்று பெரியவர் கேட்டுக்கொண்டார். "கூட்டம் வந்துட்டா நின்னு பேச முடியாதும்மா" என்றார். அவர் பேச்சுதான் அந்தக் கடையின் முதல் சரக்கு, அதனால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அடையாளம் வேண்டுமானால், போர்டில் இன்னும் நெல்லூர் ஜில்லா என்றே இருக்கும். 2022 ஏப்ரலில் ஊர் திருப்பதி மாவட்டத்துக்குப் போன சேதி பில் புத்தகம் வரைக்கும்தான் வந்திருக்கிறது.

இந்தக் கடை யாருக்கு உதவும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் ராக்கெட் தளம் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு. எனக்குச் சொந்த ஊர் சத்தியவேடு. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, கடல் என்றால் லீவுக்குப் போய்ப் பார்த்து வருகிற ஒன்று. இவருக்கு வேலை தீவுக்குள் என்று ஆகி, குவார்ட்டர்ஸும் கிடைத்ததும் சாமானை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினோம். சூலூர்பேட்டையிலிருந்து தீவுக்குப் போகிற ரோடே ஏரிக்கு நடுவில்தான் போகும். தீவுக்கு இந்தப் பக்கம் பழவேற்காடு ஏரி, அந்தப் பக்கம் வங்காள விரிகுடா. மார்கழி, தையில் வந்தால் ரோட்டிலிருந்தே பூநாரை பார்க்கலாம். ஊரில் அந்தச் சமயத்தில் ஃபிளமிங்கோ திருவிழாவும் நடத்துவார்கள். சித்திரையில் வந்து பாருங்கள், ஆந்திரா பக்கத்து ஏரி பெரும்பாலும் வற்றி, தரையெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும். காற்று கடலிலிருந்து அடித்தாலும் உப்பு, ஏரியிலிருந்து அடித்தாலும் உப்பு.

அந்த உப்பு வீட்டுக்குள் என்ன பண்ணும் என்பதை சத்தியவேட்டுக்காரி யாரும் வந்து பார்க்காமல் நம்ப மாட்டாள். அம்மா சீராகக் கொடுத்த பீரோவில் பெயிண்ட் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, கீல் மட்டும் பழுப்புப் பொடியாக உதிர ஆரம்பித்தது. ஜன்னலுக்கு அடித்திருந்த இரும்பு வலையைத் தொட்டால் விரலோடு வருகிறது. உப்பு ஜாடியில் ஒரே ஈரம். பக்கத்து வீட்டு அக்கா நெல்லூர்க்காரர், இங்கே பல வருஷமாக இருப்பவர், ஆன்லைனில் 'ஸ்டெயின்லெஸ்' என்று போட்டு விற்ற தட்டு ஸ்டாண்ட் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். ஒரு மழைக்காலம் போனதும் கம்பி வெல்டிங் வைத்த இடமெல்லாம் சிவப்பாகக் கசிந்து கிரானைட் மேடையில் கோடு கோடாக இறங்கிவிட்டது. "இங்க இரும்பு வந்த விருந்தாளி மாதிரி. ரொம்ப நாள் தங்காது" என்று சொல்லி, கடைக்கு வழியும் அவர்தான் சொன்னார்.

அத்தையும் நானும் போனோம். நான் கேட்டதும் அதே மாதிரி ஒரு ஸ்டாண்ட்தான். பெரியவர் எழுந்திருக்கக்கூட இல்லை. "ஷாரா?" என்றார். இந்த ஊரில் தீவுக்குப் பேரே அதுதான். ஆமாம் என்றதும், "வத்தம்மா" (வேண்டாம்மா) என்று தெலுங்கில் சொல்லிவிட்டுத் தமிழுக்கு மாறினார். கல்லாவில் நூல் கட்டித் தொங்கவிட்ட காந்தம் ஒன்று வைத்திருக்கிறார், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம். அதை ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் டக்கென்று ஒட்டியது. இரும்புக் கம்பிக்கு மேலே பளபளவென்று குரோம் முலாம், அவ்வளவுதான். முலாமில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அங்கிருந்து துரு கிளம்பிவிடும்.

அத்தை சும்மா இருப்பாரா? பக்கத்தில் இருந்த டம்ளரை எடுத்து அவரே காந்தத்தை வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. "அப்ப இது நல்ல எவர்சில்வர்தானே?" என்றார்.

பெரியவர் சிரித்தார். "அதான் எல்லாரும் நினைக்கிறது பெத்தம்மா. ஒட்டுனா மட்டம்னு சொல்லலாம். ஒட்டலைன்னா நல்லதுன்னு சொல்ல முடியாது."

பிறகு அரைமணி நேரம் பாடம் நடந்தது. எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதில் இருக்கும் குரோமியம். அது காற்றோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் போட்டுக்கொள்ளும். லேசாகக் கீறினாலும் தானே மறுபடி மூடிக்கொள்ளும். அந்தப் படலத்துக்கு உப்புதான் எமன். உப்பில் இருக்கும் குளோரைடு அங்கங்கே புகுந்து ஊசி குத்தியதுபோல் குழி போட்டுவிடும். இதில் 304 என்கிற ரகத்தில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் அளவில் இருக்கும். 202 ரகத்தில் விலையைக் குறைக்க நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். இரண்டிலுமே காந்தம் ஒட்டாது. இன்னும் ஒரு வேடிக்கை, அச்சில் அழுத்தி இழுத்த பாத்திரத்தின் ஓரத்தில் அசல் 304-லேயே காந்தம் லேசாகப் பிடிக்கும். அதனால் காந்தத்தை வைத்து முலாம் பூசிய இரும்பையும் மட்ட ரகத்தையும் ஒதுக்கலாமே தவிர, 304-ஐயும் 202-ஐயும் பிரித்துச் சொல்ல வழியே இல்லை. சத்தியவேட்டில் வைத்துப் புழங்க 202 ஒரு குறையும் இல்லாமல் உழைக்கும், தீவில்தான் அது முகத்தைக் காட்டும் என்றார்.

"அப்புறம் எப்படித்தான் கண்டுபிடிக்கறது?" என்றார் அத்தை, கோபமாகவே.

அடியைத் திருப்பிக் காட்டினார். ரக எண் குத்தியிருக்கிறதா, ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 14756 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். எவர்சில்வர் பாத்திரத்துக்கான தர எண் அது. எனக்கு இந்தக் கடை பிடித்துப்போனதற்குக் காரணம் அதற்கு அடுத்து அவர் செய்ததுதான். பில்லில் ஒவ்வொரு பாத்திரத்துக்கு நேராகவும் 304 என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். வேறு எங்கே கேட்டாலும் "நல்ல கனமான மால்மா" என்ற பதில்தான் கிடைக்கும். கனத்துக்கும் ரகத்துக்கும் சம்பந்தமே இல்லை. எடை போட்டுத்தான் விற்கிறார், 304-க்குக் கிலோவுக்கு நல்ல வித்தியாசம் வரும், பேரம் பேசினால் காது கேட்காது. 2025 செப்டம்பர் 22-லிருந்து பாத்திரத்துக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 ஆனதை மட்டும் தானாகவே கழித்துப் போட்டார்.

எல்லாவற்றையும் 304-லேயே வாங்கு என்று தலையில் கட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தினம் கழுவித் துடைக்கிற தட்டு, டம்ளருக்கு அவ்வளவு கவலை வேண்டாம், தண்ணீர் நிற்கிற குடம், மேடை மேலேயே கிடக்கிற ஸ்டாண்ட், சிங்க் பக்கத்துக் கூடை, இதற்கெல்லாம் செலவு பண்ணுங்கள் என்றார். உப்பு போட பீங்கான் ஜாடிதான். சாதத்துக்கோ குழம்புக்கோ தண்ணீர் கொதி வந்த பிறகு உப்புப் போட வேண்டும், பச்சைத் தண்ணீரில் போட்டால் கல் உப்பு அடியில் உட்கார்ந்து அந்த இடத்தில் புள்ளி விழும். இதை நான் வீட்டில் பார்த்துவிட்டேன், சரிதான். தோசைக்கல்லை மட்டும் இரும்பிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்தால் போதுமாம்.

ஒரு விஷயத்தில் அவரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. பித்தளை என்றால் அவருக்கு உயிர். துருவே பிடிக்காது என்று அண்டாவைத் தட்டித் தட்டிக் காட்டுகிறார். துரு பிடிக்காதுதான், ஆனால் இந்தக் காற்றில் பச்சை பூக்கிறதே? புளி போட்டுத் தேய்க்க யாருக்கு நேரம்? உள்ளே ஈயம் பூச ஆள் வேறு தேட வேண்டும். அத்தை அவர் பக்கம் சாய்ந்துவிட்டார், ஒரு சின்ன பித்தளைச் செம்பு வீட்டுக்கு வந்தது. அது இப்போது பூஜை அலமாரியில் இருக்கிறது, தேய்ப்பது அத்தை.

ஹார்ட்வேர் பக்கம் தம்பி. அவர் அதிகம் பேச மாட்டார், போனைப் பார்த்துக்கொண்டே சாமானை எடுத்து வைப்பார். ஆனால் எடுத்து வைக்கிற சாமான் சரியாக இருக்கும். துணி காயப்போடும் கிளிப் கேட்டேன். பிளாஸ்டிக் கிளிப்தானே, அதில் என்ன இருக்கிறது? நடுவில் இருக்கிற ஸ்பிரிங் இரும்பு. ஈரத் துணி, உப்புக் காற்று இரண்டும் சேர்ந்தால் அந்த ஸ்பிரிங் சாறு விட்டு, வெள்ளைச் சட்டைத் தோளில் இரண்டு பழுப்புப் பொட்டு வைத்துவிடும். அவர் கொடுத்தது ஸ்பிரிங்கே இல்லாத, ஒரே வார்ப்பில் வந்த கிளிப். கொஞ்சம் முரடு, கனமான போர்வையைப் பிடிக்காது, ஆனால் பொட்டு வைக்காது. ஏற்கெனவே விழுந்த கறைக்கு எலுமிச்சம்பழச் சாறும் உப்பும் தடவி வெயிலில் போடச் சொன்னார், போயிற்று. துணிக் கொடிக்கு நைலான் கயிறு, ஜன்னலுக்கு ஃபைபர் வலை, சுவருக்கு எவர்சில்வர் ஸ்க்ரூ. பூட்டு பித்தளை உடம்பாக இருந்தாலும் வளையம் எஃகுதான், அதனால் மாதம் ஒருமுறை மெஷின் ஆயில் ஒரு சொட்டு. ஏசி வாங்கப் போகிறீர்களா என்று அவராகக் கேட்டு, வெளி யூனிட்டில் காயில் தாமிரமா, துருத் தடுப்புப் பூச்சு இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொன்னார். அது அவர் விற்கிற சரக்கே இல்லை.

அலமாரித் தட்டுக்கு முன்னால் விரல் உயரத்துக்கு ஒரு பட்டி அடித்துக்கொள்ளச் சொன்னதும் தம்பிதான். எதற்கு என்று அப்போது புரியவில்லை. ராக்கெட் ஏறுகிற அன்று புரிந்தது. முதலில் வெளிச்சம், கொஞ்சம் பொறுத்து உறுமல், அப்புறம் ஜன்னல் கண்ணாடியும் பரணில் அடுக்கிய பாத்திரமும் சேர்ந்து கிணுகிணுக்கும். 1971 அக்டோபரில் இங்கிருந்து முதன்முதலில் போனது ரோகிணி என்கிற சின்ன ராக்கெட்தான். இப்போது போகிற எல்விஎம்3 என்கிற பெரிய ராக்கெட் வேறு ஜாதி. 2023 ஜூலை 14-ம் தேதி மத்தியானம் சந்திரயான்-3 போனபோது தன் வீட்டில் கடுகு டப்பா தட்டின் விளிம்பு வரைக்கும் நகர்ந்து வந்தது என்று பக்கத்து வீட்டு அக்கா இன்னும் சொல்வார். சொல்லச் சொல்ல டப்பா எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது, அது வேறு விஷயம்.

குறைகளும் உண்டு. தீவுக்கு டெலிவரி கிடையாது. பாஸ் இல்லாத வண்டி கேட்டைத் தாண்டாது என்பதால் அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது, ஆனால் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும்கூட ஆள் விட மாட்டேன் என்கிறார்கள். குடம், அண்டா, வாளி எல்லாம் தூக்கிக்கொண்டு நீங்கள்தான் பஸ் ஏற வேண்டும். வாங்கினதைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். மத்தியானம் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டுப் பெரியவர் தூங்கப் போய்விடுவார், தம்பியிடம் பாத்திர விலை கேட்டால் "அண்ணா வரட்டும்" என்பார். அவசரக்காரர்களுக்கு இந்தக் கடை ஆகாது. எனக்கு முன்னால் ஏரிக்கரைக் கிராமத்திலிருந்து வந்த ஒருவர் இறால் அள்ள அன்னக்கூடை கேட்டு நின்றார். அவரிடமும் அதே காந்தம், அதே பாடம், இந்த முறை தெலுங்கில். முழுக்க முடிந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

சென்னைக்கே போய் வாங்கலாமே என்பார்கள். சூலூர்பேட்டையில் லோக்கல் ஏறினால் தடா, ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி, பொன்னேரி என்று சென்ட்ரலில் கொண்டுபோய் விடும், அங்கிருந்து பாரிமுனை எட்டுகிற தூரம்தான். கல்யாணச் சீர் அளவுக்கு மொத்தமாக வாங்குவதானால் போகலாம், ரகமும் டிசைனும் அங்கே அதிகம். நாலைந்து சாமானுக்குப் போவது வீண். பாரிமுனையில் உங்கள் வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று யாரும் கேட்கப் போவதில்லை. பெரியவர் கேட்டார். கடல் பக்கம் என்றதும் கையில் எடுத்த கம்பிக் கூடையைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார்.

மிக்ஸி, குக்கர் மட்டும் அங்கே வாங்காதீர்கள். இரண்டு மூன்று மாடல்தான் வைத்திருக்கிறார், அதுவும் அட்டைப்பெட்டி பழசாகத் தெரிகிறது, கேஸ்கெட் தேய்ந்தால் அதே அளவு கிடைப்பது சந்தேகம். அதற்கு அந்தக் கண்ணாடிக் கதவுக் கடைகளே மேல். போகிறவர்கள் காலையில் பத்தரைக்குள் போய்விடுங்கள், அப்போது பெரியவர் காபி குடித்துவிட்டு நல்ல மூடில் இருப்பார்.