இன்டீரியர் டிசைன் முதுகலை: அகமதாபாத்தில் இரண்டு, மிலானில் ஒன்று

சென்னையில் சிறிய இன்டீரியர் அலுவலகம் நடத்தும் எனக்கு, வேலை கேட்டு வரும் இளைஞர்களின் போர்ட்ஃபோலியோக்களைப் பார்ப்பதும், மேற்படிப்புக்கு எங்கே சேரலாம் என்று கேட்டு வரும் தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பதில் சொல்வதும் ஏறக்குறைய ஒரே பருவத்தில் வந்து சேரும். முதல் வேலை இரண்டாவதற்கு மிகவும் உதவுகிறது. ஒரு படிப்பு மாணவரை என்ன செய்திருக்கிறது என்பது கல்லூரியின் கையேட்டில் தெரிவதைவிட, அங்கே படித்து முடித்தவர் வரைந்த ஒரே ஒரு தாளில் தெளிவாகத் தெரிந்துவிடும்.

அண்மையில் பார்த்த ஒரு போர்ட்ஃபோலியோவில் படுக்கையறைக் காட்சி ஒன்று கணினியில் நிஜப் படம்போல மிக அழகாக ரெண்டர் செய்யப்பட்டிருந்தது. சன்னல் வழியாக விழும் வெயில்கூடக் கச்சிதமாக இருந்தது. அதே அறையின் வெட்டுத்தோற்றத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், 24 அங்குல ஆழமுள்ள அலமாரிக்கு இரண்டு ஸ்லைடிங் ஷட்டர்கள் போடப்பட்டிருந்தன. ஷட்டர்களும் அவை ஓடும் தடங்களும் சுமார் நான்கு அங்குலத்தை எடுத்துக்கொண்டால், ஹேங்கரில் மாட்டிய சட்டையின் கை ஒவ்வொரு முறையும் ஷட்டரில் சிக்கும். எந்தக் கார்பெண்டரும் அந்த வரைபடத்தைக் கையில் வாங்கியவுடன் சிரித்திருப்பார். ஈரம் படும் இடத்துக்கு ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரநிலைப் பிளைவுட், மற்ற இடங்களுக்கு ஐ.எஸ். 303 போதும் என்ற வேறுபாட்டையும் அவர் கேள்விப்பட்டிருக்கவில்லை. முதுகலை முடித்தவர் அவர். ஆகவே, கீழே வரும் மதிப்பீடுகள் அனைத்திலும் நான் முதலில் பார்ப்பது பட்டறையைத்தான். மாணவர் கையால் எதையாவது முழு அளவில் செய்து பார்க்கிறாரா, அதைச் சொல்லிக்கொடுப்பவர் வெளியே தொழில் செய்பவரா என்பவையே என் கேள்விகள்.

அதற்கு முன் சட்டம் சார்ந்த ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 1956ஆம் ஆண்டின் யுஜிசி சட்டப்படி, பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் அதற்கெனச் சட்டப்படி அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. தனியார் நிறுவனங்கள் பல ‘பிஜி’ என்று விளம்பரப்படுத்துவது பெரும்பாலும் முதுகலை டிப்ளமோதான். அது முதுகலைப் பட்டம் ஆகாது. வீடுகளுக்கு வேலை செய்து கொடுப்பதற்கு அது தடையில்லை. நம் நாட்டில் இன்டீரியர் டிசைனராகத் தொழில் செய்ய உரிமம் எதுவும் தேவையில்லை. ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பெயரைத்தான் 1972ஆம் ஆண்டின் சட்டம் பாதுகாக்கிறது. ஆனால், பின்னாளில் கல்லூரியில் பாடம் நடத்தவோ முனைவர் பட்டத்துக்குப் பதியவோ விரும்பினால், டிப்ளமோச் சான்றிதழ் அந்த வாசலிலேயே நின்றுவிடும்.

அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் கட்டிடக்கலையோ இன்டீரியர் இளங்கலையோ முடித்தவர் கேட்டால் நான் முதலில் சொல்லும் பெயர் அதுதான். 1962இல் கட்டிடக்கலைஞர் பி. வி. தோஷி ஒரு கட்டிடக்கலைப் பள்ளியாகத் தொடங்கியது, பின்னர் திட்டமிடல், இன்டீரியர் என்று கிளைவிட்டுப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. இன்டீரியருக்கென்று தனிப் பள்ளி 1991இலேயே அங்கே வந்துவிட்டது. கட்டிடக்கலைத் துறையின் ஓரத்தில் ஒட்டுக் குடித்தனமாக இல்லாமல், இந்தத் துறை தன் காலில் நின்று இத்தனை ஆண்டுகள் பாடம் நடத்தியிருப்பது நம் நாட்டில் அரிது.

அங்கே பாடத்திட்டத்தின் முதுகெலும்பு ஸ்டுடியோ. ஒவ்வொரு பருவத்திலும் பல ஸ்டுடியோக்கள் முன்வைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றையும் நடத்தும் ஆசிரியர் தாம் எடுத்துக்கொள்ளும் சிக்கல் என்ன, எப்படி வேலை வாங்கப்போகிறார் என்பதை மாணவர்கள் முன் விளக்குகிறார். மாணவர்கள் விருப்ப வரிசை கொடுக்க, அதன்படி இடங்கள் பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. நடத்துபவர்களில் கணிசமானோர் வெளியே அலுவலகம் வைத்திருக்கும் தொழில்முறை வடிவமைப்பாளர்கள். இந்த ஏற்பாட்டின் நன்மை, இரண்டு ஆண்டுகளில் முற்றிலும் மாறுபட்ட சில மனிதர்களின் வேலை முறையை நெருங்கியிருந்து பார்க்கலாம் என்பது. குறையும் அதிலேயே இருக்கிறது. எந்த ஸ்டுடியோ கிடைக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே வகுப்பில் படித்த இருவரின் பயிற்சி வெவ்வேறாக அமைந்துவிடும். முதல் விருப்பம் கிடைக்காதபோது முகம் தொங்கப்போடாமல் வேலை செய்யும் மனப்பாங்கு உள்ளவர்களுக்கே அது ஒத்துவரும்.

செப்டில் எனக்குப் பிடித்த இன்னொரு பகுதி, கைவினைத் தொழில்களை ஆராயும் ‘டிஐசிஆர்சி’ என்ற மையம். மரவேலைப்பாடு மிக்க பழைய குஜராத்தி வீடுகளை அளந்து, இணைப்பு இணைப்பாக வரைந்து ஆவணப்படுத்தும் மரபு அங்கே வலுவாக இருக்கிறது. நகரமும் இதற்கு ஒத்துழைக்கிறது. 2017இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்ட பழைய அகமதாபாத்தின் போள்கள் எனப்படும் குறுகிய தெருக் குடியிருப்புகளில் ஒரு சுற்று நடந்துவிட்டு, ஆற்றைக் கடந்து லு கார்புசியேவின் ஆலை அதிபர்கள் சங்கக் கட்டிடத்தையும், சற்றுத் தள்ளி லூயி கானின் ஐஐஎம் வளாகத்தையும் பார்த்துவிடலாம். வடிவமைப்பு படிக்க இதைவிடப் பொருத்தமான நகரம் இந்தியாவில் எனக்குத் தெரியவில்லை. பருப்பில் வெல்லம் போடும் ஊர் என்பதை மட்டும் நம் பிள்ளைகள் சகித்துக்கொள்ள வேண்டும்.

அங்கிருந்து வருபவர்களிடம் நான் காணும் குறை, ரேட் போடுவதிலும், வேலைகளின் அளவுப் பட்டியலான பிஓக்யூ தயாரிப்பதிலும் இருக்கும் தயக்கம். ஆய்வுக் கட்டுரை அருமையாக எழுதுவார்கள். ஃபால்ஸ் சீலிங்குக்கு சதுர அடிக் கணக்கில் விலை கேட்டால் விழிப்பார்கள். ஆறு மாதம் சைட்டுக்குப் போனால் சரியாகிவிடும் குறை என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அதே நகரின் பால்டி பகுதியில், சபர்மதிக் கரையோரம் இருக்கும் என்ஐடி (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) வேறு வகை. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1958இல் அளித்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1961இல் உருவான நிறுவனம் இது. 2014ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற தகுதியும் பெற்றது. இங்கே எம்.டெஸ் என்ற வடிவமைப்பு முதுகலைப் படிப்பு இரண்டரை ஆண்டு. துறையின் பெயரே ‘ஃபர்னிச்சர் அண்ட் இன்டீரியர் டிசைன்’. அந்த வரிசையை மாணவர்கள் கவனிக்க வேண்டும். இதன் வேர் மரச்சாமான்களில்தான் இருக்கிறது. அமெரிக்க மரச்சாமான் வடிவமைப்பாளர் ஜார்ஜ் நகஷிமா 1964இல் இங்கே வந்து தங்கி, வரிசையாகச் சில மரச்சாமான்களை வடிவமைத்துக் கொடுத்தார். அதற்கு ஏறக்குறைய கால் நூற்றாண்டு முன்பு புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி கட்டப்பட்டபோது அங்கேயே தங்கி வேலையைக் கவனித்தவரும், அதற்கான தேக்குச் சாமான்களை வடிவமைத்தவரும் அவர்தான். அந்த விடுதியின் சாமான்களைக் கண்டவர்களுக்கு என்ஐடி பட்டறையின் கண்டிப்பு எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும்.

ஒரு நாற்காலியை வரைந்து, மாதிரி செய்து, உட்கார்ந்து பார்த்து, காலின் சாய்வைத் திருத்தி, மறுபடி செய்து பார்க்கும் பொறுமை உள்ளவருக்கு என்ஐடி சொர்க்கம். ஆனால் ஓட்டல், மருத்துவமனை, அலுவலகம் என்று பெரிய பரப்புகளைத் திட்டமிடுவதில்தான் ஒருவருக்கு நாட்டம் என்றால், அவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். பொறியியலோ நுண்கலையோ படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம் என்பது இதன் பெரிய வசதி. டேட் எனப்படும் நுழைவுத் தேர்வு முதனிலை, முதன்மை என இரு கட்டங்களாக நடக்கும். இடங்கள் குறைவு, போட்டி கடுமை. ஐஐடிகளின் வடிவமைப்பு முதுகலைக்கான சீட் (CEED) நுழைவுத் தேர்வையும் சேர்த்து எழுதுவோர் பலர் இருக்கிறார்கள். ஆனால் ஐஐடிகளின் எம்.டெஸ் படிப்புகள் தொழிற்பொருள், இன்டராக்‌ஷன் போன்றவற்றைச் சுற்றியே அமைந்தவை என்பதால், இன்டீரியருக்கு அந்த வழி நேராகப் போகாது.

வெளிநாடு என்றால் லண்டன், நியூயார்க் என்று பேச்சு தொடங்குகிறது. செலவையும் கிடைப்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது நான் மிலானையே முன்னால் வைப்பேன். பொலிடெக்னிகோ டி மிலானோ 1863இல் தொடங்கிய அரசுப் பல்கலைக்கழகம். அதன் இன்டீரியர் அண்ட் ஸ்பேஷியல் டிசைன் படிப்பு இரண்டு ஆண்டு, 120 கிரெடிட்; ஆங்கிலவழியில் படிக்கலாம். கல்விக் கட்டணத்தின் உச்சவரம்பே ஆண்டுக்கு 4,000 யூரோவுக்குள் அடங்கும். குடும்ப வருமானத்தைக் காட்டினால் அது குறையவும் செய்யும், தகுதி இருந்தால் மாநில உதவித்தொகையும் கிடைக்கும். வாடகைதான் கையைக் கடிக்கும். ஒரு காலத்தில் ஆலைகள் நிறைந்திருந்த பொவீசா பகுதியில் டிசைன் பள்ளியும் அதன் மாதிரிப் பட்டறைகளும் இருக்கின்றன. 1961 முதல் நடந்துவரும் சலோனே டெல் மோபிலே என்ற மரச்சாமான் கண்காட்சியின்போது ஏப்ரலில் ஊரே ஃபர்னிச்சர் கடையாக மாறிவிடுகிறது. அந்த ஒரு வாரத்தில் கண்ணால் பார்ப்பதற்கு ஈடாக எந்தப் பாடத்தையும் சொல்ல முடியாது.

மிலான் விஷயத்தில் ஏஜென்டுகள் பூசி மெழுகும் இடம் ஒன்று உண்டு. இத்தாலியில் ‘லாவ்ரேயா மஜிஸ்த்ராலே’ என்பதுதான் நாம் நினைக்கும் முதுகலைப் பட்டம். ‘மாஸ்டர்’ என்ற பெயரில் தனியார் டிசைன் பள்ளிகள் பலவும் நடத்துவது பெரும்பாலும் ஓராண்டு, 60 கிரெடிட் கொண்ட சிறப்புப் பயிற்சி. அதைக் கொண்டு அங்கே முனைவர் பட்டப் படிப்பில் சேர முடியாது. கட்டணமோ அரசுப் பல்கலைக்கழகத்தைப் போலப் பல மடங்கு. அனுபவம் உள்ளவர் ஓராண்டு மூச்சு வாங்கிக்கொள்ளவும் தொடர்புகள் பிடிக்கவும் அதில் சேரலாம். முதுகலை என்று நம்பிச் சேரக் கூடாது. பிரிட்டனின் ஓராண்டு எம்.ஏ. இதிலிருந்து வேறுபட்டது. அது முழுப் பட்டம். 2022 ஜூலையில் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின் இங்கே அதன் அங்கீகாரம் குறித்த குழப்பமும் தீர்ந்தது. ஓராண்டில் பட்டறையில் செலவழிக்க நேரம் எங்கே என்பது மட்டுமே என் தயக்கம்.

உள்ளூர் தனியார் நிறுவனங்களில் நல்லவையும் உண்டு. இருந்தாலும், உறவினர் மகளுக்காக நான் உடன் சென்ற ஒரு நிறுவனத்தில் பட்டறையைக் காட்டச் சொன்னபோது, குளிரூட்டிய கணினி அறையையும் லேமினேட் மாதிரிகள் ஒட்டிய ஒரு பலகையையும் காட்டினார்கள். பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும் என்ற கேள்விக்கு, “சார், இண்டஸ்ட்ரியில யாரும் அதைக் கேக்கறதில்ல” என்று பதில் வந்தது. அன்று மாலைக்குள் முன்பணம் கட்டினால் கட்டணத்தில் சலுகை என்றும் சொன்னார்கள். நாங்கள் தேநீர் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டோம்.

ஆக, பி.ஆர்க் அல்லது இன்டீரியர் இளங்கலை கையில் இருப்பவர் செப்டுக்கு முயலலாம். மரத்தோடு மல்லுக்கட்ட விரும்புபவருக்கு என்ஐடி. இத்தாலியில் இரண்டு ஆண்டு வாழ்க்கைச் செலவைத் தாங்கக்கூடியவருக்குப் பொலிடெக்னிகோ. வேறு துறையில் பி.காம். போன்ற பட்டம் பெற்று இப்போதுதான் இந்தப் பக்கம் வருபவர், இவற்றுக்கு முன் ஒரு நல்ல அலுவலகத்தில் ஓராண்டு சைட் வேலை பார்ப்பது நல்லது. என்ஐடியின் முதனிலைத் தேர்வு ஆண்டின் இறுதியை ஒட்டி வந்துவிடும். மிலானுக்கோ, யூனிவர்சிதாலி என்ற இத்தாலிய அரசு இணையதளத்தில் முன்பதிவு, பட்ட மதிப்புச் சான்று, விசா என்று காகித வேலை மாதக்கணக்கில் இழுக்கும். எனவே இறுதியாண்டில் இருப்பவர்கள் போர்ட்ஃபோலியோவைத் தீபாவளிக்கு முன்பே கட்டி முடித்துவிட வேண்டும்.