மூன்று மாரி கண்ட மட்டைக் குழாய்கள்

நான் வீட்டில் இருந்தபடி தையல் செய்பவள். துணி எடுக்கத் திருகோணமலை நகரத்துப் புடவைக்கடைக்குப் போகும்போதெல்லாம், துணி சுற்றி வந்த மட்டைக் குழாய்கள் குப்பைக்கென்று வாசலில் சாத்தியிருக்கும். ஒரு நாள் கேட்டேன். "வேண்டியதை எடுத்துக்கொண்டு போங்கள் அக்கா" என்றார் முதலாளி. அன்று இரண்டு குழாய்களோடு பஸ் ஏறினேன். உப்புவெளியில் விருந்தினர் விடுதி ஒன்றில் வேலை செய்யும் என் தங்கை, கழிப்பறைக் கடதாசி தீர்ந்த பின் எஞ்சும் சின்னக் குழாய்களைப் பை நிறையக் கொண்டுவருவாள். மூன்று மாரியும், வறண்ட கச்சான் காற்று வீசும் மூன்று பருவமும் கடந்துவிட்டன. இந்தக் குழாய்களால் செய்தவற்றில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியும்.

முதல் குழாய் அம்மாவின் கல்யாணக் கூறைச் சேலைக்குப் போனது. பல வருடம் ஒரே மடிப்பில் கிடந்ததால் மடிப்பு ஓரத்தில் சரிகை முறியத் தொடங்கியிருந்தது. சேலையின் அகலம் ஏறத்தாழ 45 அங்குலம். அதே அகலத் துணி வந்த குழாய் போதாது, ஓரம் வெளியே தொங்கும். 60 அங்குலத் துணிக்குரிய குழாயைக் கேட்டு வாங்கி, கைவாளால் 50 அங்குலத்துக்கு அறுத்துக்கொண்டேன். மட்டையில் இருக்கும் அமிலம் நாளடைவில் பட்டுத் துணியை மஞ்சளாக்கும் என்பதால் வெறும் குழாயில் சுற்றக்கூடாது. கஞ்சி போகத் துவைத்து உலர்த்திய வெள்ளைப் பருத்தித் துணியை முதலில் இரண்டு சுற்றுச் சுற்றி, அதன் மேல் சேலையை இறுக்காமல் உருட்டி, வெளியே இன்னொரு பருத்தித் துணி போர்த்தி அலுமாரியின் மேல் தட்டில் கிடத்தினேன். இந்தக் குழாய்களைச் செய்பவர்கள் கடதாசி நாடாவைப் பசை தடவிச் சுருள்சுருளாக ஒட்டுகிறார்கள். இராமபாணப் பூச்சிக்கு அந்தப் பசை மிகவும் பிடிக்கும். அதனால் ஒவ்வொரு தை மாதமும் கூறையைக் கழற்றி நிழலில் விரித்துவிட்டு, குழாயை மட்டும் வெயிலில் காயவைக்கிறேன். முகர்ந்தால் பூஞ்சண வாடை வருகிறதா? அந்தக் குழாயை எறிந்துவிட வேண்டியதுதான். நான் இதுவரை ஒன்றை மாற்றியிருக்கிறேன்.

நிலைக்காமல் போனது செருப்புத் தட்டு. கனத்த குழாய்களைத் துண்டு துண்டாக அறுத்து அடுக்கி ஒட்டி, முன் விறாந்தையில் வைத்தேன். கச்சான் வீசிய மாதங்களில் மரம் போலக் கெட்டியாக நின்றது. கார்த்திகை மழை தொடங்கி இரண்டு வாரத்தில் அடிவரிசை ஊதி, சுருள் பிரிந்து சரிந்துவிட்டது. மேலே ஒரு சொட்டு மழையும் படவில்லை. சிமெந்துத் தரையின் ஈரத்தை மட்டை கீழிருந்து உறிஞ்சியிருக்கிறது. 1995 இல் கோபே நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்களுக்கு ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் கடதாசிக் குழாய்களையே சுவராக நிறுத்தி வீடு கட்டிக் கொடுத்தார். அந்த வீடுகளுக்கு அடித்தளமாக மணல் மூட்டை நிரப்பிய பியர் பெட்டிகளை வைத்தார் என்று பின்னர் வாசித்தபோதுதான் என் பிழை எங்கே என்று விளங்கியது. இரண்டாவது தட்டை நான்கு செங்கற்களின் மேல் ஏற்றி வைத்தேன். அது ஒரு மாரியைத் தாண்டிவிட்டது.

குளியலறை, அடுப்பங்கரை இரண்டிலும் குழாய் வேண்டாம். ஒன்றில் ஈரம், மற்றதில் எண்ணெயும் கரப்பானும்.

சின்னக் குழாய்கள் பெரும்பாலும் நாற்றுக்குத்தான் போகின்றன. ஒரு முனையை நான்காக வெட்டி உள்ளே மடித்தால் அடி வந்துவிடும். மிளகாய், கத்தரிக்கு இந்தச் சிரமம் தேவையில்லை, அவை பிடுங்கி நட்டாலும் பிழைக்கும். பாகல், பீர்க்கு, வெள்ளரி போன்றவை வேர் அசைந்தால் வாடிவிடும் இனம். அவற்றை இரண்டு மூன்று இலை விட்டதும் குழாயோடு நடலாம். விளிம்பு மண்ணுக்கு மேலே தெரியாதபடி புதைக்க வேண்டும். நான் முதல் முறை கவனிக்கவில்லை. வெளியே நீட்டிய மட்டை திரிபோல ஈரத்தை இழுத்துக் காற்றில் விட்டது, காலையில் ஊற்றிய நீர் மத்தியானத்துக்குள் போய்விட்டது. குழாயில் வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்தால் பயப்பட வேண்டாம், நீரைக் குறைத்தால் போதும். முன்பு யோகட் கோப்பைகளிலும் சிரட்டைகளிலும் நாற்றுப் போடுவேன். மழைக்காலத்தில் அவற்றில் தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். குழாயில் தண்ணீர் தேங்காது, நட்ட பின் பொறுக்க வேண்டிய குப்பையும் மிஞ்சாது. இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எனக்கு இது பெரிய நிம்மதி.

சார்ஜர் வயர்களைத் தளர்வாக மடித்துச் செருகி, குழாயின் மேல் எதனுடையது என்று எழுதிவைத்திருக்கிறேன். அவை அறைக்குள் இருப்பதால் மூன்று வருடமாக அப்படியே இருக்கின்றன. மூத்தவன் பாடசாலைக் கண்காட்சிக்கு மூதூர்ப் பக்கத்து வெளிச்சவீட்டைக் குழாய்களால் கட்டினான். அது இன்னும் தையல் இயந்திரத்தின் அருகில் நிற்கிறது.

கடந்த தை மாதம் கூறையை விரித்து மடிப்பு ஓரங்களைத் தடவிப் பார்த்தேன். பழைய முறிவுகள் இருந்தன. புதிதாக ஒரு இழையும் முறியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தன் மற்ற இரண்டு பட்டுச் சேலைகளையும் எடுத்து என் கையில் தந்தார். 60 அங்குலக் குழாய் இரண்டு வேண்டுமென்று முதலாளியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.